ஆரபிக்கு இன்னொரு வாய்

1934 பிப்ரவரி 25, ஞாயிறு.

இன்று ஒரு சிறு தவறு கண்டுபிடித்தேன். என் கீர்த்தனையில், சரணத்தின் கடைசி அடியில், ஸ்வரம் ஏறிப் போகும் இடத்தில், ஒரு காந்தாரம் எழுதியிருக்கிறேன். ஆரபி ராகத்தில் ஏறும்போது காந்தாரம் கிடையாது. ரிஷபத்திலிருந்து நேரே மத்யமத்துக்குப் போக வேண்டும். இறங்கி வரும்போதுதான் காந்தாரத்தைத் தொடலாம். இது முதல் வருஷத்துப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம். அடித்துத் திருத்தலாம் என்று பேனாவை எடுத்தேன். புட்டியில் மசி காய்ந்துபோயிருந்தது. இந்தக் கீற்றுக் கொட்டகையில் பகல் வெக்கை அப்படி. அதனால் இதைப் பென்சிலால் எழுதுகிறேன்.

தவறு எப்படி வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். எதற்கும் காரணத்தை ஒன்றன்பின் ஒன்றாக எழுதிப் பார்ப்பது என் பழக்கம். இந்தக் காந்தாரத்துக்குக் காரணம் தேடிக்கொண்டு போனால் அது ஒரு எலியில் போய் நிற்கிறது.

நேற்று சுகாதார அதிகாரி கொட்டகை கொட்டகையாக வந்தார். எல்லாரிடமும் ஒரே கேள்வி கேட்டார். "உங்கள் தெருவில் முதல் எலியை யார் பார்த்தது?" நான் பார்க்கவில்லை ஐயா என்றேன். அவர் அவசரத்தில் இருந்தார். சரியான விடை கொஞ்சம் நீளமானது. இங்கே சாவகாசமாக எழுதி வைக்கிறேன்.

நான் எருமப்பட்டி ஆண்டியின் மகன் காளியப்பன். திருச்சியில் பி.ஏ. தேறினேன். பகலில் சேலத்தில் ஒரு வக்கீலிடம் நகல் எழுதும் குமாஸ்தா. என் நகலில் அடித்தல் திருத்தல் இராது என்று வக்கீல் சொல்வார். மாலையில் செவ்வாய்ப்பேட்டையில் பாலசுந்தரம் வாத்தியாரின் சங்கீத வகுப்புக்குப் போவேன். குடியிருந்ததும் அந்தத் தெருவில்தான். பாடத் தேறியவர்களுக்கு அங்கே ஒரு மேல்வகுப்பு உண்டு. அதில் பாடக் கற்றுத் தரமாட்டார்கள். உருப்படி செய்யக் கற்றுத் தருவார்கள். ராகம், தாளம், சொல் மூன்றையும் சேர்த்துப் புதிதாக ஒரு கீர்த்தனை கட்ட வேண்டும். தை மாசக் கடைசியில் சென்னையிலிருந்து பரீட்சகர் ஒருவர் வந்து கேட்பார். மூன்று வருஷம் இடம் உண்டு. மூன்றாவது முறையும் தேறாவிட்டால் வகுப்பை விட்டுப் போக வேண்டியதுதான்.

அந்த வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. உருப்படி செய்தவன் அதைப் பரீட்சகர் முன் பாடக்கூடாது. "செய்தவன் பாடினால் ஓட்டையையெல்லாம் தொண்டையால் அடைத்துவிடுவான்" என்பார் வாத்தியார். ஸ்வரம் எழுதப் படிக்கத் தெரியாத இன்னொருவருக்குக் காதால் கேட்டுக் கேட்டுப் பாடம் பண்ணி வைக்க வேண்டும். அவர் பாடுவார். அவருக்கு வகுப்பில் 'வாய்' என்று பெயர். இந்த வருஷம் உனக்கு யார் வாய் என்றுதான் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம். பாடம் பண்ணும்போது வாத்தியார் அறையில் இருக்கமாட்டார். தான் கை வைத்ததாகப் பேச்சு வரக்கூடாது என்று வெளியே போய்விடுவார்.

முதல் வருஷம் பரீட்சகர் என் உருப்படியைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லாம் சரியாக இருக்கிறது. பாட்டைத்தான் காணோம்." இரண்டாம் வருஷமும் ஏறக்குறைய அதையே சொன்னார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடப் பிடிக்கவில்லை. இலக்கணத்தில் பிழை என்றால் உட்கார்ந்து திருத்தலாம். பாட்டைக் காணோம் என்றால் எங்கே போய்த் தேடுவது? என் காது எனக்குச் சொன்னதையெல்லாம் நம்பித்தான் அந்த இரண்டையும் செய்திருந்தேன். அதற்குப் பிறகு என் காதை நான் நம்புவதில்லை என்று வைத்துக்கொண்டேன். எழுதியதை மட்டும் நம்புவது.

ஐப்பசியில் அப்பா வந்திருந்தார். அவர் வாத்தியாரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "ஏனுங்க, எம்பையனுக்கு இது வருமுங்களா, வராதுங்களா? வராதுன்னா சொல்லிப்போடுங்க. கெணத்துமேட்டுக் காடு ஆளில்லாமக் கெடக்குது" என்றார். வாத்தியார் என்னைப் பார்த்தார். "இந்தத் தை கழியட்டும்" என்றார். அப்பா தலையாட்டிவிட்டுப் போனார். அவருக்குக் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மூன்றாம் வருஷத்துக்கு வாத்தியார் எனக்குக் கொடுத்த வாய் கமலவேணி. வகுப்புக்குப் பின்னாலிருக்கும் சந்தில் குடியிருந்தவள். அவளும் அவள் அம்மா செல்லாயியம்மாளும் நெசவுக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுத்துப் பிழைத்தார்கள். பதினேழு வயசு. வைகாசியில் கலியாணம் என்று பேசி வைத்திருந்தார்கள். ஆடியில் மாரியம்மன் கோயிலில் அவள் பாடியதை வாத்தியார் கேட்டிருக்கிறார். தினம் மாலையில் அம்மாவோடு வருவாள். செல்லாயியம்மாள் கதவோரம் ராட்டையை வைத்துக்கொண்டு நூல் சுற்றுவாள். மகள் தம்பூராவுக்கு எதிரே உட்காருவாள்.

நான் செய்தது மாரியம்மன் பேரில் ஒரு கீர்த்தனை. 'எங்கள் வாசலில் வந்து நில் தாயே' என்று பல்லவி. நான் சொல்லிக் கொடுத்தபோது அது என் மற்ற இரண்டைப் போலத்தான் இருந்தது. கமலவேணி அதை வாங்கித் திருப்பிப் பாடினாள். ராட்டை நின்றுவிட்டது. செல்லாயியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். நான் தாளம் போடுவதை மறந்துபோனேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. அந்தப் பாட்டு என் எழுத்தில் இருந்ததா, அவள் வாயில் இருந்ததா? இரண்டு வருஷமாகக் காணாமல் போனது இப்போது கிடைத்துவிட்டது. ஆனால் யாருடைய கையில் கிடைத்தது என்று தெரியவில்லை. எப்படியானாலும் அந்த வாயை இழக்க முடியாது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

வகுப்பு மாடியில். கீழே மொய்தீன் ராவுத்தரின் பருத்திக்கொட்டைக் கிடங்கு. மாட்டுக்குத் தீனியாகப் பல ஊர்களுக்கு மூட்டை போகும். சாவி என்னிடம் இருந்தது. நான் முன்னால் வந்து பெருக்கி, பாய் விரித்து, தம்பூராவைச் சுருதி சேர்த்து வைப்பேன். பொங்கல் கழிந்த வாரம் ஒரு மாலை கதவைத் திறந்தேன். பொங்கலுக்கு வெள்ளையடித்த படியில், நடுவில், ஒரு எலி செத்துக் கிடந்தது. பெரிய எலி. மூக்கில் ஒரு துளி ரத்தம்.

செத்த எலி விழுந்தால் என்ன செய்வது என்று சேலத்தில் எல்லாருக்கும் தெரியும். அதைத் தொடக்கூடாது. நகரசபை ஆளிடம் சொல்ல வேண்டும். அன்றைக்கே வந்து கூரை ஓட்டைப் பிரித்து வீட்டுக்குள் வெயில் விடுவார்கள். தெரு முழுக்க வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே கொட்டகைக்குப் போக வேண்டும். பிளேக் அடங்கும்வரை திரும்ப முடியாது. கமலவேணியும் அவள் அம்மாவும் எடப்பாடியில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போய்விடுவார்கள். பரீட்சகர் வருவார், பூட்டைப் பார்ப்பார், அடுத்த ரயிலில் திரும்புவார். என் மூன்றாவது வருஷம் அதோடு முடிந்துவிடும்.

ஒரு எலிதானே, பூனை கடித்திருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று எழுதுவது சரியா என்று தெரியவில்லை. அப்படி நினைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன் என்பது இன்னும் பொருத்தம். பையில் பல்லவியின் பழைய பிரதி ஒன்று இருந்தது, வேண்டாம் என்று ஒதுக்கியது. அதில் எலியைச் சுற்றி எடுத்தேன்.

சாக்கடையில் போட்டால் காலையில் தோட்டி பார்ப்பான். கிடங்கில் அப்போது ஆளில்லை. சுவரோரம் மூட்டைகள் அடுக்கியிருந்தன. தைத்த மூட்டைகள். பக்கத்தில் கோணி ஊசியும் சணலும் கிடந்தன. ஒரு மூட்டையின் மூலையில் நாலு தையலைப் பிரித்து, கொட்டைக்குள் கையை விட்டு உள்ளே தள்ளி, பழையபடியே தைத்தேன். தையல் ஒரே சீராக வந்தது. பிறகு படியைத் தண்ணீர் விட்டுத் துடைத்தேன். கமலவேணி வரும்போது சுருதி சேர்ந்திருந்தது.

அந்த வாரம் மேலும் சில கிடைத்தன. நான் இன்னும் முன்னதாக வரத் தொடங்கினேன். கிடங்கில் மூட்டை தூக்கும் சடையன் ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டான். கறுப்பாக, ஒடிசலாக, ஓயாமல் வாயடிக்கும் மனிதன். பெண்டாட்டியும் இரண்டு குழந்தைகளும் ஊரில்.

"என்னங்க பாகவதரே, பூனையாட்டம் பதுங்கிப் பதுங்கி வாரீங்க. மேல ஏதாச்சும் புள்ள கிள்ள காத்திருக்குதுங்களா?"

"பெருக்க வேண்டாமா சடையா?"

"பெருக்குங்க, பெருக்குங்க. நீங்க பெருக்கற பெருக்குல எலியே காணாமப் போச்சு. நெசமாச் சொல்றனுங்க, இந்தக் கெடங்குல எலி கண்ணுலயே படறதில்ல. எங்க பூனை பட்டினி கெடக்குது. கொஞ்சம் பால் சோறாவது நீங்கதான் ஊத்தோணும்."

திண்டில் சாய்ந்திருந்த மொய்தீன் ராவுத்தர் சிரித்தார். "தம்பி பாடற பாட்டுக்கு எலி நிக்குமாடா? சரி சரி, வாயை மூடிட்டு வேலையைப் பாரு. எடப்பாடி லோடு நாளைக்கு ஏறணும்."

நானும் சிரித்தேன். எடப்பாடி மூட்டைகள் மறுநாள் போயின.

சடையனுக்கு இரண்டு நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது. தொடையிடுக்கில் கட்டி. ராவுத்தர் கவலையோடு என்னிடம் கேட்டார், படித்தவன் என்பதால். "காலில் முள் குத்தியிருக்கும். நெறி கட்டியிருக்கிறது. உப்பு ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்" என்றேன். காலில் புண் வந்தால் தொடையில் நெறி கட்டுவது எல்லாருக்கும் நடப்பதுதான். மூட்டை தூக்குகிறவன் காலில் எப்போதும் ஏதாவது ஒரு புண் இருக்கும். சடையன் காலைப் பார்த்தோம், இருந்தது. எல்லாருக்கும் நிம்மதியாயிற்று. அவன் ஊர்க்காரர்கள் வண்டியில் போட்டு ஊருக்குக் கொண்டுபோனார்கள். போகும்போதுகூட வண்டியிலிருந்து என்னைப் பார்த்து, "பூனையைப் பாத்துக்கோங்க" என்றான். ஊரில் இறந்துபோனான் என்று பிறகு தெரிந்தது. பூனைக்குச் சில நாள் பால் சோறு வைத்தேன். அதுவும் செத்துவிட்டது.

இதற்கிடையில் அடுத்த தெருவில் ஒரு எலி வெளிப்படையாக விழுந்தது. நகரசபையிலிருந்து பிளேக் ஊசி போட ஆட்கள் வந்தார்கள். வேண்டுகிறவர்கள் போட்டுக்கொள்ளலாம். போட்டால் இரண்டு மூன்று நாள் காய்ச்சல் அடிக்கும், கை வீங்கும், உடம்பெல்லாம் வலிக்கும். பரீட்சைக்கு அப்போது பத்து நாள்கூட இல்லை. சரணத்தின் கடைசி அடியை நான் இன்னும் கமலவேணிக்குச் சொல்லித் தரவில்லை.

செல்லாயியம்மாள் ராட்டையை நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டாள். "ஏஞ்சாமி, தெருவுல ஊசி போடறாங்களாமே. ஒருத்தரு போட்டுக்கோங்கறாரு, ஒருத்தரு அதுலதான் சீக்கே வருதுங்கறாரு. நான் எதைக் கண்டேன். நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னாச் சரி. இவளுக்குப் போடட்டுங்களா?"

கமலவேணி குறுக்கே சொன்னாள்: "எனக்குப் பயமில்லீங்க. போட்டுக்கறேன்."

நான் கொஞ்சம் யோசிப்பது போல இருந்தேன். பிறகு சொன்னேன்: "போட்டுக்கொள்வது நல்லதுதான் அம்மா. ஆனால் காய்ச்சல் வந்தால் தொண்டை கட்டும். இத்தனை நாள் பாடம் பண்ணியது வீணாகும். நம் தெருவில்தான் ஒன்றும் இல்லையே. பரீட்சை முடியட்டும், மறுநாளே போட்டுக்கொள்ளலாம்."

"அப்படீங்களா. அப்ப அதுதான் சரி" என்றாள் செல்லாயியம்மாள். ராட்டை மறுபடி சுற்ற ஆரம்பித்தது. அவள் முகத்திலிருந்து ஒரு பாரம் இறங்கியது. படித்தவன் ஒருவன் முடிவு சொல்லிவிட்டான்.

இதில் பொய் எது என்று இப்போதும் தேடிப் பார்க்கிறேன். போட்டுக்கொள்வது நல்லது என்றேன், அது உண்மை. தொண்டை கட்டும் என்றேன், அதுவும் உண்மை. நம் தெருவில் ஒன்றும் இல்லை என்று எல்லாரும்தான் நம்பினார்கள். அவளிடம் அதைச் சொல்லும்போது நான் தம்பூராவை வலக்கையால் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன். என் இடது தோளில் வீக்கம் இன்னும் வடியவில்லை.

மூன்றாவது எலி கிடைத்த மறுநாளே நான் அஸ்தம்பட்டிக்குப் போய் ஒரு டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு வந்திருந்தேன். நம் பக்கத்து ஆட்கள் யாரும் பார்க்கமாட்டார்கள் என்றுதான் அவ்வளவு தூரம் போனேன். காய்ச்சல் வந்தது. வகுப்பில் சளி என்று சொன்னேன். பூனை கடித்தது என்று முடிவு செய்தவன் எதற்கு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று அதிகாரி கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் எதையும் முன்ஜாக்கிரதையாகச் செய்கிறவன், அவ்வளவுதான் என்று சொல்வேன். பாட்டு ஒருவேளை என் எழுத்தில் இருந்தால், அந்த எழுத்தைக் காப்பாற்ற நான் இருக்க வேண்டுமே.

அந்தக் காய்ச்சலில்தான் சரணத்தின் கடைசி அடியை எழுதினேன். 'ஒருவரும் வாடாமல் ஊரெல்லாம் காத்து' என்ற அடி. கண்ணெல்லாம் எரிந்தது. எழுதி முடித்து, படித்துப் பார்க்காமல் தூங்கிப்போனேன். காந்தாரம் அப்படி வந்ததுதான்.

காய்ச்சல் விட்டதும் கமலவேணிக்கு அந்த அடியைச் சொல்லித் தந்தேன். எல்லா இடமும் ஒரே தடவையில் வாங்கிக்கொண்டாள். அந்த ஓரிடத்தில் மட்டும் ரிஷபத்திலிருந்து நேரே மத்யமத்துக்குத் தாவினாள். நான் நிறுத்தினேன். மறுபடி சொன்னேன். மறுபடி தாவினாள்.

"அந்த இடத்தில் ஒன்று விட்டுப்போகிறது" என்றேன்.

"எங்கீங்க? விடலீங்களே."

"'வாடாமல்' என்று ஏறும்போது நடுவில் ஒன்று இருக்கிறது. அதைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும்."

அவள் மெதுவாகத் தொட்டுப் பார்த்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டாள். "நல்லா இல்லீங்களே. சோத்துல கல்லாட்டம் கடிக்குதுங்க."

என் காது அவள் பக்கம்தான் சொன்னது. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் என் காது இரண்டு வருஷம் என்னை ஏமாற்றிய காது. அவள் இஷ்டத்துக்குப் பாடவிட்டால் பாட்டு அவளுடையதாகிவிடும் என்ற பயமும் இருந்தது. "எழுதியபடி பாடு" என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். செல்லாயியம்மாள் கதவோரத்திலிருந்து, "சொன்ன மாதிரிப் பாடு புள்ள, எதுத்துப் பேசாத" என்றாள். அதற்குப் பிறகு கமலவேணி எதிர்த்துப் பேசவில்லை. அந்தக் கல்லை ஒவ்வொரு முறையும் விழுங்கிப் பாடினாள்.

பரீட்சை அன்று அவள் கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். பனி என்றாள். உதடு வெளுத்திருந்தது, கண் சிவந்திருந்தது. செல்லாயியம்மாள் என் காதோரம், "ராத்திரியே மேலு சுட்டுதுங்க சாமி. வேண்டாம்னா கேக்கமாட்டீங்கறா. அவரு மூணு வருசமாக் காத்திருக்காருன்னு சொல்றா" என்றாள். நான் கமலவேணிக்கு வெந்நீர் கொடுத்தேன். துண்டை எடுக்கச் சொல்லவில்லை. எடுத்தால் கழுத்தில் என்ன தெரியும் என்று எனக்குத் தெரியும். பார்த்துவிட்டால் பிறகு பார்க்காதவனாக இருக்க முடியாது.

பரீட்சகர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவள் அன்று பாடியதைப் பற்றி எழுத எனக்குத் திறமை போதாது. எங்கள் வாசலில் வந்து நில் என்று அவள் கேட்டபோது வாத்தியார் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். இரண்டு வருஷமாகப் பரீட்சகர் தேடியது அந்த அறையில் இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கடைசி அடியில் அந்தக் காந்தாரம் வந்தது. பரீட்சகர் கண்ணைத் திறந்தார். பாட்டு முடிந்ததும் கேட்டார்: "ஏறும்போது ஒன்று தொட்டாயே அம்மா. அது பாடத்தில் இருக்கிறதா, நீ தவறிவிட்டாயா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "நாந்தானுங்க தவறிட்டேன். தொண்டை சரியில்லீங்க. அவரு சரியாத்தான் சொல்லிக் குடுத்தாரு" என்றாள்.

பரீட்சகர் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. என் எழுத்தில் தவறு இராது என்று அப்போது உண்மையாகவே நம்பினேன். வாய் கேள்வியைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை, அதனால் என்ன என்று இருந்துவிட்டேன்.

அவர் சொன்னார்: "இந்த முறை பாட்டு இருக்கிறது. ஆனால் பாட்டு எழுத்திலா, இந்தப் பெண்ணின் குரலிலா என்று எனக்கு நிச்சயப்படவில்லை. பங்குனிக் கடைசியில் திருச்சிக்கு வருகிறேன். இன்னொரு வாயில் ஒருமுறை கேட்கிறேன். அப்போதும் நின்றால் தேர்ச்சிப் பத்திரம் உன்னுடையது."

என் சந்தேகமும் அவர் சந்தேகமும் ஒன்றாக இருந்தது எனக்கு ஆச்சரியம். அவர் போன பிறகு கமலவேணி படியில் இறங்கும்போது உட்கார்ந்துவிட்டாள். வெள்ளையடித்த படி. செல்லாயியம்மாளும் வாத்தியாருமாகத் தாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். நான் தம்பூராவுக்கு உறை போட்டு, பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் போட்டுக்கொள்ளலாம் என்று நான் சொன்ன ஊசியை மறுநாள் யாரும் போடவில்லை. போடுவதில் பயன் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதற்கும் மறுநாள் அவள் இறந்தாள். அன்று மாலையே தெரு காலி செய்யப்பட்டது. ஓடு பிரித்தார்கள். ராவுத்தரின் கிடங்கில் மூட்டைகளுக்கு நெருப்பு வைத்தார்கள். ராவுத்தர் வீட்டில் அவருடைய மருமகள் ரபியா போய்விட்டாள். பிள்ளை பெற்று ஒரு மாசம்கூட ஆகவில்லை. சந்தில் இன்னும் சிலர். மொத்தம் எத்தனை பேர் என்று அதிகாரியிடம் கேட்டேன். அவர் சொன்ன எண் நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவு.

எடப்பாடிக்கு நோய் எப்படிப் போயிற்று என்று எல்லாரும் வியக்கிறார்கள். இங்கிருந்து அங்கே யாரும் போகவில்லை என்கிறார்கள். மூட்டை போனது ஒருவருக்கும் நினைவில் இல்லை.

செல்லாயியம்மாள் எனக்கு இரண்டு கொட்டகை தள்ளி இருக்கிறாள். முதல் நாள் அவள் எதிரே வந்தபோது நான் ஒதுங்கப் பார்த்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பரீட்சை முடியட்டும்னு சொன்னீங்களே சாமி. அவளும் முடிச்சுக் குடுத்துட்டுத்தான் போயிருக்கறா. உங்க பேரு கெட்டுறக்கூடாதுன்னு கடைசி மட்டும் சொல்லிக்கிட்டே இருந்தா" என்றாள். என் கையை விடவில்லை. அவள் கை நூல் சுற்றிச் சுற்றிச் சொரசொரப்பாக இருந்தது.

அப்போது அவள் சொன்னது எனக்கு விளங்கவில்லை. இன்று காலை சுத்தப் பிரதி எழுதலாம் என்று தாளை எடுத்தபோதுதான் காந்தாரத்தைப் பார்த்தேன். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பரீட்சகர் கேட்ட அந்த நிமிஷத்தில், தவறு எழுத்தில் இருக்கிறது என்று என்னைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, அதைத் தன் பேரில் எடுத்துக்கொண்டிருக்கிறாள். அது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. சரியாக எழுதியிருந்தால் அவள் தன் மேல் பழி போட்டுக்கொள்ள வேண்டியிருந்திருக்காது. அந்த ஒரு ஸ்வரத்துக்காக அவளிடம் நான் கடன்பட்டவன். மற்றவற்றைப் பற்றி யோசித்துப் பார்த்தேன். எலி கடவுள் அனுப்பியது. காந்தாரம் நான் எழுதியது.

இன்று மதியம் பூவாத்தாள் வந்து சேர்ந்தாள். கமலவேணியின் தங்கை, பதினைந்து வயசு. எடப்பாடியில் சித்தி வீட்டில் இருந்தவள். அங்கேயும் எலி விழுகிறது என்று அம்மாவிடம் கொண்டுவந்து விட்டுப் போனார்கள். அழுது ஓய்ந்த பிறகு அவள் அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டே ஏதோ முனகினாள். பொங்கலுக்கு வந்திருந்தபோது அக்காவிடம் கேட்டதாம். எங்கள் வாசலில் வந்து நில் தாயே. பல்லவி மட்டும்தான். நான் கொட்டகைக்கு வெளியே நின்று கேட்டேன். குரல் அக்காவினுடையது போல இல்லை. கொஞ்சம் மெல்லியது, ஆனால் சுத்தமானது. அந்தக் குரலில் பாட்டு நின்றது. நின்றது என்றுதான் நினைக்கிறேன். முழுவதும் கேட்டால்தான் நிச்சயமாகத் தெரியும். இது தெரியாமல் என்னால் எருமப்பட்டிக்குத் திரும்ப முடியாது. இங்கே இருக்கவும் முடியாது.

நடந்ததிலிருந்து நான் கற்றுக்கொள்ளாமல் இல்லை. இனி ஒரு எலியைக் கண்டால் அந்த நிமிஷமே போய்ச் சொல்லிவிடுவேன். எழுதியதைப் படித்துப் பார்க்காமல் ஒருவருக்கும் பாடம் சொல்லமாட்டேன். பிள்ளைகளிடம் கடுமையாகப் பேசமாட்டேன்.

புதிதாக வந்தவர்களுக்கு ஊசி போட நாளைக் காலை டாக்டர் வருகிறார் என்று தண்டோரா போட்டுக்கொண்டு போகிறார்கள். பங்குனிக் கடைசிக்கு நாள் அதிகம் இல்லை. இந்த வாரம் காய்ச்சலில் போனால் பாடம் நிற்காது.

நாளை செய்ய வேண்டியது: மசி கரைப்பது. காந்தாரத்தை எடுத்துவிட்டுச் சுத்தப் பிரதி எழுதுவது. டாக்டர் வருவதற்கு முன் செல்லாயியம்மாளைப் பார்த்து, பூவாத்தாளுக்கு ஊசியைப் பங்குனி கழித்துப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்வது.